ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஊரே வாங்கிப் பாட: ஆப்பிரிக்க அமெரிக்க இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ப்ளூஸோ ஜாஸோ ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால், கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். "இதுல அப்படி என்ன இருக்கு?" என்று ஆரம்பித்து "எல்விஸ் இதையெல்லாம் திருடினாராமே?" வரைக்கும் போகும். ஒவ்வொரு தடவையும் காபி ஆறும்வரை பேசியாகிவிட்டது. இந்த முறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ராப், ஹிப் ஹாப்... இதைத்தானே சொல்கிறீர்கள்?

ராப் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. மூத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்: அடிமைக் காலத்து வயல் பாட்டு, ஸ்பிரிச்சுவல் என்ற பக்திப் பாட்டு, ராக்டைம், ப்ளூஸ், ஜாஸ், காஸ்பெல், ரிதம் அண்ட் ப்ளூஸ், ராக் அண்ட் ரோல், சோல், ஃபங்க். சிகாகோவில் பிறந்த ஹவுஸும் டெட்ராய்ட்டில் பிறந்த டெக்னோவும்கூடக் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியவைதான். டெக்னோ ஜெர்மன் சரக்கு என்று என்னோடு பந்தயம் கட்டியவர்கள் உண்டு. ஒரே ஆள் உட்கார்ந்து இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் வேலை கொடுத்து அடிக்கிற டிரம் செட்கூட ஜாஸ் குழுக்களோடு வளர்ந்த வாத்தியம்.

இத்தனைக்கும் பொதுவாக ஒரு குணத்தைச் சொல்லச் சொன்னால், நான் இதைச் சொல்வேன்: ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பதில் பாடுவார்கள். வயலில் அந்தப் பதில் கூட வேலை செய்கிறவர்களிடமிருந்து வரும், தேவாலயத்தில் சபையிடமிருந்து, ப்ளூஸில் கிதாரிலிருந்து, ராப் மேடையில் எதிரே நிற்கிற கூட்டத்திலிருந்து. கேட்பவர் சும்மா உட்கார்ந்திருந்தால் பாட்டு பாதிதான். இதைக் கேள்வி பதிலாக எழுதுவதும் அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்கு மாட்டிக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் இசையை எப்படிக் கொண்டுவர முடிந்தது?

கையில் எதுவும் இல்லை. காதிலும் உடம்பிலும் இருந்தது வந்து சேர்ந்தது. 1619-ல் வர்ஜீனியாவில் முதல் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள். பிறகு வந்தவர்கள் பல மொழிக்காரர்கள்; ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. தாளம் புரிந்தது.

அந்தத் தாளம்தான் எஜமானர்களைப் பயமுறுத்தியது. 1739 செப்டம்பரில் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசடித்துக்கொண்டு சாலையில் போனார்கள். சத்தம் கேட்டு வழியில் ஆட்கள் சேர்ந்தார்கள். கிளர்ச்சியை அடக்கியதும் 1740-ல் ஒரு சட்டம் வந்தது. முரசு, கொம்பு, உரக்க ஒலிக்கும் வேறு எந்த வாத்தியமும் அடிமைகளிடம் இருக்கக் கூடாது. அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றமானது. முரசையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் தடை செய்தவர்களுக்கு, முரசு என்ன வேலை செய்யும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

முரசு போனதும் உடம்பே முரசாயிற்று. தொடையிலும் மார்பிலும் தட்டித் தாளம் போடும் 'ஜூபா' வந்தது. ஜார்ஜியா கடற்கரையில் 'ரிங் ஷவுட்' என்ற வழிபாடு இன்றும் நடக்கிறது. ஒருவர் துடைப்பக் கட்டையை மரத் தரையில் இடித்துத் தாளம் கொடுப்பார். மற்றவர்கள் இடஞ்சுழியாக வட்டமாகச் சுற்றி வருவார்கள். ஒரு பாதம் இன்னொன்றின் குறுக்கே போகக் கூடாது. போனால் அது நடனம், நடனம் பாவம். தரையோடு தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் பாவம் இல்லை. சபையின் விதியும் மீறப்படவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் கொஞ்சம் விதிவிலக்கு. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூட அனுமதி இருந்தது. 1817-ல் அதை ஒரே இடத்தோடு நிறுத்தினார்கள். அந்தத் திடல்தான் காங்கோ சதுக்கம். 1819-ல் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் அந்தப் பக்கம் போனவர், சத்தத்தைக் கேட்டு உள்ளே போய்ப் பார்த்து, முரசுகளையும் சுரைக்குடுக்கையில் செய்த ஒரு தந்தி வாத்தியத்தையும் நோட்டில் வரைந்து வைத்தார். அந்தச் சுரைக்குடுக்கை வாத்தியத்தின் வழிவந்த உறவுதான் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். வெள்ளைக்காரக் கிராமத்து இசையின் அடையாளமாக இன்று படங்களில் வருகிற அதே பாஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யோசனை.

வேலை செய்துகொண்டே பாடினார்கள் என்றால், ஓரளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்கு வயது 180-க்கு மேல். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1845-ல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றிலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் நிறைவாக இருப்பதாக வடக்கே உள்ளவர்கள் பேசுவதைக் கேட்டுத் தான் திகைத்துப்போனதாகவும், மனம் மிக நொந்திருக்கும்போதுதான் அடிமை அதிகம் பாடுவான் என்றும் சொல்கிறார். கண்ணீர் வந்து மனபாரம் குறைவதுபோல என்கிறார். ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுச் செய்தி இல்லை.

பாட்டுக்குள் ரகசியச் செய்தி வைத்துத் தப்பி ஓடினார்களாமே?

பாதி உண்மை. 'இந்த வரி இந்த வழியைக் குறிக்கும், அந்த வரி அந்த நட்சத்திரத்தைக் குறிக்கும்' என்று இணையத்தில் சுற்றுகிற விரிவான விளக்கங்களில் பலவற்றுக்கு அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது. ஆனால் இரட்டை அர்த்தம் இருந்தது. கானான் தேசத்துக்குப் போகிறோம் என்று பாடும்போது தங்கள் மனதில் இருந்தது அமெரிக்காவின் வடக்குப் பகுதி என்று டக்ளஸே எழுதியிருக்கிறார். நூற்றுக்கணக்கான மைல் நடத்திப் பலரை மீட்டுக் கொண்டுவந்த ஹாரியட் டப்மன், ஒளிந்திருப்பவர்களுக்கு 'வரலாம்', 'வராதீர்கள்' என்று தெரிவிக்கப் பாட்டைப் பயன்படுத்தியதாக அவருடைய வரலாற்றை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். எஜமான் காதில் அது மோட்சத்துப் பாட்டு. அவ்வளவு போதும், அதற்குமேல் வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை.

வயலிலும் குடிசையிலும் பாடியது உலகத்துக்கு எப்படித் தெரிந்தது?

கடனால். டென்னஸி மாநிலம் நாஷ்வில்லில், விடுதலையான கறுப்பின மக்களுக்காக 1866-ல் ஃபிஸ்க் என்ற கல்விக்கூடம் தொடங்கினார்கள். ஐந்தே வருடத்தில் இழுத்து மூடும் நிலை. பொருளாளராக இருந்த ஜார்ஜ் ஒயிட், ஒன்பது மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 1871 அக்டோபரில் கச்சேரி செய்து பணம் திரட்டக் கிளம்பினார். அவர்களில் பெரும்பாலானவர்கள் அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

முதலில் அவர்கள் மேடையில் பாடியது அந்தக் காலத்து வெள்ளையர் பாட்டுகளைத்தான். ஸ்பிரிச்சுவல்களைத் தங்களுக்குள் மட்டும் பாடிக்கொண்டார்கள். பெற்றோரின் அடிமை வாழ்வோடு ஒட்டிய, புனிதமான விஷயம் அது. அந்நியர் முன் எடுத்து வைக்கத் தயக்கம். வெளியே மேடைகளில் வேறொரு கூத்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கோமாளிகளாக்கிக் காட்டும் 'மின்ஸ்ட்ரல்' நிகழ்ச்சிகள். கறுப்பர்கள் பாடுகிறார்கள் என்றாலே மக்கள் அதைத்தான் எதிர்பார்த்து வந்தார்கள்.

இவர்கள் அசையாமல் நின்று, மெல்லிய குரலில் தங்கள் பாட்டை எடுத்தார்கள். கூட்டம் அடங்கிப்போனது. ஊர் ஊராக ஓட்டல்களில் இடம் தர மறுத்தார்கள், இருந்தும் பாடினார்கள். 1873-ல் இங்கிலாந்து போய் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். திரட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. பாட்டுப் பாடியே கட்டிய கட்டடம் என்று சொன்னால் மிகையில்லை.

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டுதானே?

சோகம் உண்டு, கூடவே குசும்பும் உண்டு. அமைப்பைப் பாருங்கள். முதல் வரியைப் பாடுவார். அதையே திரும்பப் பாடுவார். மூன்றாவது வரியில் பதில் சொல்வார். நானே ஒன்று கட்டிக் காட்டுகிறேன்:

ராத்திரி ரயிலு போச்சு, அவ ஏறிப் போயிட்டா,
ஆமா, ராத்திரி ரயிலு போச்சு, அவ ஏறிப் போயிட்டா,
டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவனே நான்தான்யா.

இரண்டாவது தடவை பாடும்போது கேட்பவர் அடுத்து என்ன வரும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது வரி அவரைச் சிரிக்க வைக்கும், அல்லது குத்தும். ஒவ்வொரு வரி முடிந்ததும் மிச்சமிருக்கிற தாளத்தில் கிதார் பதில் சொல்லும். வயலில் கூட்டம் செய்த வேலையைத் தனியாளின் கிதார் செய்கிறது.

அப்புறம் சுரம். ஹார்மோனியத்தில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற சுரங்கள் இதில் நிறைய. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். பியானோவில் வளர்ந்த ஐரோப்பியக் காதுக்குத்தான் முதலில் 'தப்பாக' ஒலித்தது.

ப்ளூஸ் பிறந்த இடங்களில் முக்கியமானது மிசிசிப்பி டெல்டா. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும், பருத்தித் தோட்டங்களில் விளைச்சலில் பங்குக்கு உழுது கடனிலேயே முழுகிக் கிடந்தவர்களின் ஊர். வாத்தியம் வாங்கக் காசு ஏது? பிள்ளைகள் துடைப்பத்தைக் கட்டியிருக்கிற கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டுவார்கள். கம்பிக்கு அடியில் ஒரு பாட்டிலைச் செருகி விறைப்பாக்கி, ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையில் இன்னொரு பாட்டிலை வைத்துக் கம்பியின் மேல் சறுக்குவார்கள். வீடே குடமாகிக் கணகணக்கும். இதற்கு டிட்லி போ என்று பெயர். பின்னால் பெரிய கிதார்காரர்கள் ஆன பலருக்கு முதல் பள்ளிக்கூடம் அந்தச் சுவர்தான்.

1903 வாக்கில் டட்வைலர் என்ற சின்ன ஸ்டேஷனில் தாமதமான ரயிலுக்குக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹாண்டி என்ற இசைக்குழுத் தலைவர், பக்கத்தில் கந்தல் உடையில் ஒருவர் கிதார் கம்பியில் கத்தியை அழுத்தி வாசித்துக்கொண்டு பாடியதைக் கேட்டார். தான் கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று பிற்பாடு எழுதினார். அந்தப் பாணியை எழுத்தில் கொண்டுவந்து அச்சிட்டு, 'ப்ளூஸின் தந்தை' என்று ஹாண்டி பெயர் வாங்கினார். கத்தி வைத்து வாசித்தவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்தவர் யாருமில்லை. இந்த வரலாற்றில் இப்படி நிறைய நடக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற பாடகி ஒரு ப்ளூஸ் பாட்டை ரெக்கார்டு செய்தார். கறுப்பர்கள் ரெக்கார்டு வாங்குவார்களா என்று சந்தேகப்பட்ட கம்பெனிகளுக்கு அதன் விற்பனை பதில் சொன்னது. உடனே அவர்களுக்கென்று தனியாக 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் வரிசை தொடங்கினார்கள். ரயிலில் பெட்டி தனி, கடையில் இசைத்தட்டு தனி.

ஜாஸ் மேல்தட்டுக்காரர்கள் ஒயின் குடித்துக்கொண்டே கேட்கிறது இல்லையா?

இன்றைக்கு அந்த மாதிரி ஆகிவிட்டது, பாவம். பிறந்தது நியூ ஆர்லியன்ஸின் ஊர்வலங்களிலும் நடனக் கூடங்களிலும். அந்த ஊர்ச் சவ ஊர்வலத்தில் பேண்ட் செட், இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாட்டு வாசிக்கும். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான மெட்டுக்கு மாறும். பின்னால் வருகிற ஜனம் குடையை விரித்து ஆட்டிக்கொண்டு ஆடும். சாவு வீட்டு மேளத்துக்கு ஆடிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரில் 1901-ல் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். புத்தாண்டு இரவில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அங்கே இருந்த பேண்டில் கார்னெட் வாசிப்பதை முறையாகப் பழகியவர். கூட்டாக வாசித்துக்கொண்டிருந்த இசையில், ஒரு கலைஞர் தனியாக எழுந்து அந்த நிமிடத்தில் மனதில் தோன்றுவதை வாசித்துக் கதை சொல்ல முடியும் என்று காட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அந்த இடம்.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் கலைஞர்களை நாடு நாடாக அனுப்பியது. எங்கள் நாட்டில் சுதந்திரம் எப்படி மணக்கிறது பாருங்கள் என்று காட்டுவதற்கு. அனுப்பப்பட்டவர்களுக்கோ சொந்த நாட்டின் தெற்கில் ஓட்டலில் அறை கிடையாது. 1957-ல் ஆர்கன்ஸாவில் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் தடுத்தபோது, எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிற ஆம்ஸ்ட்ராங் வெடித்தார். ஜனாதிபதி ஐசனோவருக்குத் தைரியம் இல்லை என்று ஒரு இளம் நிருபரிடம் சொல்லி, சோவியத் யூனியனுக்குப் போகவிருந்த பயணத்தையும் வேண்டாம் என்றார். அதுவரை அவரை 'வெள்ளையருக்குப் பல்லைக் காட்டுகிறவர்' என்று கேலி செய்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

இன்னொரு ஜாஸ் கலைஞர் ட்யூக் எலிங்டனின் கதை வேறு மாதிரி. 1965-ல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் அவருக்குச் சிறப்பு விருது தரப் பரிந்துரைத்தார்கள். மேல் குழு மறுத்துவிட்டது. எலிங்டனுக்கு அப்போது வயது 66. விதி என்மேல் கருணை காட்டுகிறது, சின்ன வயதிலேயே ரொம்பப் புகழ் வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறது என்றார். அவர் இறந்து 25 வருடம் கழித்து, 1999-ல் அந்தச் சிறப்பு விருதைக் கொடுத்தார்கள். 2018-ல் கெண்ட்ரிக் லமாரின் ராப் ஆல்பத்துக்கே புலிட்சர் கிடைத்தது.

தேவாலயத்துக்கும் கிளப்புக்கும் ஆகாது என்கிறார்கள். ஆனால் எல்லாப் பாடகர்களும் சர்ச்சிலிருந்து வந்தவர்களாக இருக்கிறார்களே?

சனிக்கிழமை ராத்திரி கிளப், ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச். ஆட்களும் மெட்டும் ஒன்று, விலாசம்தான் வேறு. தாமஸ் டார்ஸி என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் படுக்கையறைச் சமாச்சாரம் கலந்த ப்ளூஸ் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவர். அதே பியானோவை எடுத்துக்கொண்டு காஸ்பெல் என்கிற பக்திப் பாட்டுக்கு வந்தார். சபைகள் முதலில் கதவைச் சாத்தின. 1932-ல் அவர் வெளியூரில் பாடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது: பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகு குழந்தையும் போய்விட்டது. அந்தத் துக்கத்தில் பழைய மெட்டு ஒன்றின் மேல் அவர் எழுதிய பாட்டில், களைத்துப்போனேன், என் கையைப் பிடித்து நடத்திச் செல் என்று ஆண்டவரிடம் கேட்கிறார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், அன்று இரவுக் கூட்டத்தில் வாசிக்கும்படி ஓர் இசைக்கலைஞரிடம் கேட்டுக்கொண்டது இதைத்தான். கிங்கின் இறுதிச் சடங்கில் காஸ்பெல் பாடகி மஹாலியா ஜாக்சன் இதைப் பாடினார்.

டார்ஸி ப்ளூஸை சர்ச்சுக்குள் கொண்டுபோனார் என்றால், ரே சார்ல்ஸும் சாம் குக்கும் அரீத்தா ஃபிராங்க்ளினும் சர்ச்சை வெளியே கொண்டுவந்தார்கள். சோல் இசை என்பது சுருக்கமாகச் சொன்னால் அதுதான்: இயேசுவுக்குப் பாடிய குரலில் காதலனுக்குப் பாடுவது.

கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் பாட்டு நிஜமாகவே ஏதாவது சாதித்ததா? இல்லை, பின்னணி இசைதானா?

பாட்டு சட்டம் இயற்றவில்லை. பயத்தைக் குறைத்தது. அது சின்ன வேலை இல்லை.

'நாம் வெல்வோம்' என்ற பாட்டு தெரிந்திருக்கும். அதன் இந்தி வடிவத்தைப் பள்ளிக்கூடத்தில் பாடியவர்கள் நம்மில் நிறையப் பேர். 1945-46-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், ஒரு பழைய சர்ச் பாட்டை மாற்றிப் பாடினார்கள். அங்கிருந்து டென்னஸியில் இருந்த ஹைலாண்டர் என்ற தொழிற்சங்கப் பயிற்சிப் பள்ளிக்கு வந்தது. 1959-ல் ஓர் இரவு அந்தப் பள்ளிக்குள் போலீஸ் புகுந்து விளக்கை அணைத்துச் சோதனை போட்டது. இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் 14 வயதுப் பெண் ஒருத்தி பாட ஆரம்பித்தாள். பாட்டில் அதுவரை இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள்: 'எங்களுக்குப் பயமில்லை'. மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். ஒரு போலீஸ்காரர் கை நடுங்க, பாடித்தான் ஆக வேண்டும் என்றால் இவ்வளவு சத்தமாகவா பாட வேண்டும் என்று கேட்டதாக அந்தப் பெண்மணி பல வருடம் கழித்து நினைவுகூர்ந்தார். பாட்டு என்ன சாதித்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த நடுங்கிய கையைத்தான் சொல்வேன்.

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. கிங் எழுதி வைத்த உரையைப் படித்துக்கொண்டிருந்தார். மேடையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த மஹாலியா ஜாக்சன், "அந்தக் கனவைப் பத்திச் சொல்லுங்க, மார்ட்டின்!" என்று குரல் கொடுத்தார் என்கிறார்கள் அருகில் இருந்தவர்கள். சபையில் போதகர் பேசும்போது பாட்டுக்காரம்மா எடுத்துக் கொடுப்பது வழக்கம்தானே. கிங் தாளை விட்டு நிமிர்ந்தார். அதன் பிறகு பேசியது தயாரித்த உரையில் இல்லாதது. உலகத்துக்கே தெரிந்த அந்த 'எனக்கொரு கனவு உண்டு' பகுதி, பாடகி ஒருவர் எடுத்துக் கொடுத்ததற்கு வந்த பதில்.

எல்விஸ் பிரெஸ்லி திருடினாரா, இல்லையா?

எல்லோருக்கும் பிடித்த கேள்வி. 1954-ல் வெள்ளையரான எல்விஸின் முதல் ரெக்கார்டில் வந்த பாட்டு, ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946-ல் பாடியது. எல்விஸ் அதை மறைக்கவில்லை. க்ரூடப் பெயரைச் சொல்லி, கறுப்பர்கள் வெகு நாளாகப் பாடிவருவதைத்தான் நான் பாடுகிறேன் என்று பேட்டியிலேயே சொன்னார். ஆனால் எல்விஸ் கோடீஸ்வரரானபோது க்ரூடப் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உரிமைத்தொகைக்காக அலைந்து, பெரிதாக எதுவும் கைக்கு வராமலே 1974-ல் இறந்தார்.

எனவே எல்விஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது, ஆனால் அவரோடு நிறுத்திக்கொண்டால் பெரிய ஆட்கள் தப்பிவிடுவார்கள். ஒரு தடவை கொஞ்சம் பணம் கொடுத்து உரிமை முழுவதையும் எழுதி வாங்கிய கம்பெனிகள். கறுப்பர் பாடிய மூலத்தை ஒலிபரப்பாமல், அதையே வெள்ளையர் பாடிய நகலை ஒலிபரப்பிய வானொலிகள். நிறம் பார்த்துப் பிரித்த விற்பனைப் பட்டியல்கள். மின்சார கிதாரை மாட்டிக்கொண்டு காஸ்பெல் பாடிய சிஸ்டர் ரோசட்டா தார்ப், எல்விஸ் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே ராக் அண்ட் ரோலை வாசித்துக்கொண்டிருந்தார். பழைய காணொளியில் அவர் கிதாரை ஒரு தடவை பாருங்கள், பிறகு 'ராக் அண்ட் ரோலின் அரசர்' யார் என்று பேசலாம்.

கறுப்பர்களே முதலாளிகளாக இருந்த கம்பெனி எதுவும் இல்லையா?

மோட்டவுன். டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரி கோர்டி, 1959-ல் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. ஒரு முனையில் இரும்புச் சட்டமாக நுழைந்து மறுமுனையில் காராக வெளியே வருகிற மாதிரி, தெருவிலிருந்து வருகிற பையன் நட்சத்திரமாக வெளியே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. சின்ன வீடு ஒன்றை ஸ்டுடியோவாக்கி, கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டுச் சோதித்தார்கள். அதே பாட்டுகளுக்குப் பின்னால் வாசித்த வாத்தியக்காரர்களின் பெயர் மட்டும் வருடக்கணக்கில் இசைத்தட்டில் அச்சாகவில்லை.

ஹிப் ஹாப் எப்படித் தொடங்கியது?

இதற்கு மட்டும் பிறந்த நாளும் கதவு எண்ணும் உண்டு. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்பெல் என்ற பெண், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50. பாட்டுப் போட்டது அவளுடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த 'கூல் ஹெர்க்'.

பாட்டில் பாடகர் நிறுத்தி டிரம் மட்டும் ஒலிக்கிற சில விநாடிகளில்தான் ஆட வந்தவர்கள் வெறியோடு ஆடுகிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிவதற்குள் இன்னொன்றில் அதே இடத்தை ஆரம்பித்தார். சில விநாடி, பல நிமிடமாக நீண்டது. அதன்மேல் மைக்கில் பேச்சு, பேச்சு தாளத்தில் ஏறியது, ராப். துடைப்பக் கம்பியைச் சுவரில் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், அப்பா வீட்டு ரெக்கார்டு பிளேயரையே வாத்தியமாக்கிவிட்டார்கள்.

ஒரு கசப்பான பின்குறிப்பு. 1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் கிரெகரி கோல்மன் வாசித்த சுமார் 6 விநாடி டிரம் துண்டு, பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. லண்டனில் ஒரு முழு இசை வகையே அதை வைத்து ஓடியது. கோல்மனுக்கு அதிலிருந்து பணம் வரவில்லை. 2006-ல் ஏழையாக இறந்தார். இந்த முறை எடுத்துப் பயன்படுத்தியவர்களில் கறுப்பினக் கலைஞர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராப்பில் கெட்ட வார்த்தையும் துப்பாக்கியும்தானே இருக்கிறது?

இருக்கிறது. பெண்களைப் பற்றிச் சில பாட்டுகளில் வருவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ப்ளூஸைச் சாத்தானின் இசை என்றார்கள், ஜாஸ் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றார்கள். அதனால் பயந்துபோய்ச் சொல்பவர் யார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக, ராப் வழியாக. மலேசியாவின் யோகி பி & நட்சத்திரா என்ற குழு 2006-ல் வெளியிட்ட ஆல்பத்துக்குப் பிறகுதான் 'தமிழில் ராப் ஒட்டாது' என்று சொன்னவர்கள் அடங்கினார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு, கானாவையும் பறையையும் ராப்போடு சேர்த்துச் சாதியைப் பாடியது. எலிங்டனும் 1963-ல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனார்.

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்?

என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் போடுவது 1927-ல் டல்லாஸில் பிளைண்ட் வில்லி ஜான்சன் பதிவு செய்த ஒரு துண்டு. கண் தெரியாதவர், தெருமுனைகளில் பக்திப் பாட்டுப் பாடிப் பிழைத்தவர். 1945-ல் டெக்சஸில் வீடு தீப்பிடித்து, அந்த இடிபாட்டிலேயே படுத்து, காய்ச்சல் கண்டு இறந்தார் என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் குரலாக ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் 27 இசைத் துண்டுகள் இருக்கின்றன. பாக், பீத்தோவனோடு ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார், ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரி இருக்கிறார், ஜான்சனின் இந்தத் துண்டும் இருக்கிறது.

மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு வார்த்தை கிடையாது. அவர் முனகலாக ஓர் இழையைத் தொடங்கி நடுவில் விட்டுவிடுவார். சபை பாட வேண்டிய மிச்சத்தைக் கிதார் பாடி முடிக்கும். ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், பழைய தட்டு, கரகரவென்றுதான் இருக்கும்.